பழைய காலத்தில் மனச்சோர்வுக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள்?

#1 நூலகப்பூனை

"டிப்ரஷன் எல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்த வியாதி, அந்தக் காலத்துல யாருக்கு இதெல்லாம் இருந்துச்சு" என்று பக்கத்து இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

எனக்குக் கொஞ்சம் பழக்கமான இடம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. பக்கிங்காம்ஷயரில் கிரேட் லின்ஃபோர்டு என்றொரு கிராமம். அங்கே ரிச்சர்ட் நேப்பியர் (1559–1634) என்ற பாதிரியார் இருந்தார். ஊழியத்தோடு வைத்தியமும் பார்த்தார், அதுவும் ஜோதிட வைத்தியம். ஆள் வந்து நின்றதும் பெயர், வயது, ஊர், கேள்வி கேட்ட நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கட்டம் போடுவார். நம் ஊர்ப் பிரசன்னம் மாதிரிதான். கட்டத்துக்குப் பக்கத்தில் வந்தவர் சொன்ன குறையை எழுதுவார், அதன்பின் கொடுத்த மருந்தை எழுதுவார்.

1597இல் ஆரம்பித்து சாகிற வரை எழுதிக் குவித்த அந்த ஏடுகள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. மைக்கேல் மெக்டொனால்டு என்ற வரலாற்றாசிரியர், அவற்றில் மனக்கஷ்டம் என்று வந்தவர்களை மட்டும் சலித்தெடுத்து 1981இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். சுமார் 2,000 பேர். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: பிள்ளையைப் பறிகொடுத்தது, கடன், குடிகாரப் புருஷன், மனசுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்ள வீட்டில் விடாதது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கை போகவில்லை, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை. செல்போன் யார் கையிலும் இல்லை.

இவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? நோய் என்று நினைத்தார்களா, பாவம் என்று நினைத்தார்களா? இங்கிலாந்து மட்டுமல்ல, எந்த ஊர், எந்தக் காலம் என்றாலும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 தாமிரபரணிக்காரன்

பாதிரியாரே கட்டம் போட்டாரா? பிஷப்புக்குத் தெரியுமா? :)

#3 நூலகப்பூனை

தெரியாமலா! ஜோதிடத்தை அன்றைக்கும் சபையில் பலருக்குப் பிடிக்காது. ஆனால் பெரிய இடத்து ஆட்களும் அவரிடம் வரிசையில் நின்றார்கள். போதாததற்கு ரஃபேல் என்ற தேவதூதரிடமும் சந்தேகம் கேட்பார். தூதர் சொன்ன பதிலும் ஏட்டில் இருக்கிறது. வந்தவர் பிழைப்பாரா மாட்டாரா என்றுதான் பெரும்பாலும் கேள்வி.

#4 மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநராகச் சொல்கிறேன். இந்த மாதிரி இழைகளில் வழக்கமாக நடப்பது, "ஆஹா, அந்தக் காலத்தில் எவ்வளவு அன்பாகக் கேட்டிருக்கிறார்கள்" என்று உருகுவது. கேட்டார் சரி, கொடுத்தது என்ன? பேதி மருந்து, வாந்தி மருந்து, ரத்தம் எடுப்பது, அட்டை விடுவது, கூடவே ஒரு தாயத்து. ஏற்கெனவே சாப்பிடாமல் கிடக்கிறவளுக்குப் பேதி கொடுத்தால் என்ன ஆகும்?

அன்றைய ஐரோப்பாவில் இதற்குப் பேர்போன மருந்து கருப்பு ஹெல்லிபோர் என்ற செடியின் வேர். கிரேக்கர் காலத்திலிருந்தே நடப்பில் இருந்தது. ஆன்டிகிரா என்ற துறைமுகத்தைச் சுற்றி நிறைய விளையும் என்பதால், ஒருவன் கிறுக்குத்தனமாகப் பேசினால் "ஆன்டிகிராவுக்குக் கப்பலேறு" என்பார்களாம். அந்த வேர் விஷம். குடலைப் புரட்டி எடுக்கும், அளவு கூடினால் இதயத்துடிப்பையே கெடுக்கும். கருப்பாக ஏதாவது வெளியே வந்தால் "பார், நோய் இறங்குகிறது" என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் எந்த அழகும் தெரியவில்லை.

#5 கல்தச்சன்

ஏன் கருப்பாக வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்? புரியவில்லை.

#6 நூலகப்பூனை

கல்தச்சன், அங்கேதான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. உடம்பில் நான்கு நீர்மங்கள் என்பது கிரேக்க வைத்தியம்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும் உள்ளது. இருப்பிடம் மண்ணீரல், பருவம் இலையுதிர்காலம், பின்னாளில் சேர்ந்த கிரகம் சனி. (ஆம், அவர்களுக்கும் சனிதான்!) இது மிஞ்சினால் வருவதுதான் மெலன்கோலியா. பயமும் துக்கமும் நெடுநாள் நீடித்தால் அது இந்த நோய் என்று ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மணிமொழிகளிலேயே இருக்கிறது.

2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற வைத்தியர் இதை மூன்றாகப் பிரித்தார். மூளையில் மட்டும் தங்கியது ஒன்று, ரத்தம் முழுக்கப் பரவியது இன்னொன்று, வயிற்றில் கிளம்பி ஆவியாக மூளைக்கு ஏறுவது மூன்றாவது. அந்தப் புகை உள்ளே இருட்டாக்குவதால்தான், வெளி இருட்டைக் கண்டு குழந்தைகள் பயப்படுகிற மாதிரி நோயாளியும் காரணமில்லாமல் பயப்படுகிறான் என்றார். தப்பான உடற்கூறுதான், அப்படி ஒரு நீர்மமே உடம்பில் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ரத்தம் எடு என்று அவர் சொல்லவில்லை. இரண்டாம் வகைக்கு மட்டும்தான். ரத்தக் குழாயைக் கீறிப் பார், வருகிற ரத்தம் அந்தக் கருமையோடு இல்லையென்றால் உடனே நிறுத்து என்றும் எழுதியிருக்கிறார்.

மாத்திரை அக்கா, உருகுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. ஆனால் கேலன் எழுதிய அந்த "நிறுத்து"வை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

#7 தாமிரபரணிக்காரன்

கேலனின் நோயாளிகளில் ஒருவர் தன்னை ஓடு என்று நம்பி, மோதி உடைந்துவிடுவோம் என்று எதிரே வருகிறவர்களைக் கண்டால் ஒதுங்குவாராம். இன்னொருவர் சேவல் மாதிரி கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கூவுவார். மூன்றாமவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்: வானத்தைத் தாங்குகிற அட்லஸுக்குக் கை வலித்து, அப்படியே கீழே போட்டுவிட்டால் நம் கதி என்ன என்று தூங்காமல் கிடந்தார்.

இடைக்காலத்தில் ஓடு போய்க் கண்ணாடி வந்துவிட்டது. பிரான்ஸ் ராஜா ஆறாம் சார்லஸ் (இறப்பு 1422) தன் உடம்பு கண்ணாடி, யாரும் தொடக்கூடாது என்று உடையில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு வைத்திய நூல்களில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி மனிதர்கள்.

உச்சம் இது. பிரெஞ்சு அரச வைத்தியர் ஆந்த்ரே டு லாரன் 1594இல் வெளியிட்ட நூலில் வருகிறது. இத்தாலியில் சியேனா நகரத்து கனவான் ஒருவர், தான் சிறுநீர் கழித்தால் ஊரே மூழ்கிவிடும் என்று அடக்கிக்கொண்டு கிடந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்து, ஊர் மணியெல்லாம் அடிக்கச் சொல்லி, பெரிய மனுஷர்களைக் கூட்டிவந்து "ஐயா, ஊர் எரிகிறது, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கெஞ்ச வைத்தார்கள். ஊரைக் காப்பாற்றினார். நோயும் போச்சு!

#8 மாத்திரைப்பெட்டி

பக்கத்து வீட்டுக்காரர் நஷ்ட ஈடு கேட்டாரா என்று நூலில் இருக்கிறதா?

#9 ஹக்கீம்பேரன்

சேவல், கண்ணாடி எல்லாம் ஐரோப்பியர்கள் நேரடியாகக் கிரேக்கரிடம் வாங்கியது இல்லை. நடுவில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். என் பாட்டனார் வாணியம்பாடிப் பக்கம் யுனானி வைத்தியம் பார்த்தவர், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கி.பி. 100 வாக்கில் எபேசுவில் ரூஃபஸ் என்ற வைத்தியர் மெலன்கோலியாவுக்கென்றே தனி நூல் எழுதினார். மூலம் தொலைந்துவிட்டது, மற்றவர்கள் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். ஓயாத யோசனையே இந்த நோயில் கொண்டுபோய் விடும் என்றவர் அவர். அந்த நூலை வைத்து, பாக்தாதிலிருந்து துனீசியாவின் கைரவானுக்குப் போன இஸ்ஹாக் இப்னு இம்ரான் 900 வாக்கில் அரபியில் ஒரு நூல் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் மான்டே காசினோ மடத்தில் கான்ஸ்டன்டைன் என்ற துறவி அதை லத்தீனில் கொண்டுவந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படித்தது அதைத்தான்.

இவர்களைவிட எனக்குப் பெரியவராகத் தெரிகிறவர் அபூ ஸைத் அல்-பல்கி (850–934). வைத்தியரைவிட அறிஞர் என்று சொல்லலாம். உடம்புக்கு ஒரு பாகம், மனசுக்கு ஒரு பாகம் என்று நூல் எழுதினார். துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துக்கம்: சொந்தம் செத்தது, சொத்து போனது. இதற்குப் பேச்சுதான் மருந்து. பிறர் சொல்லும் ஆறுதலும், அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளப் பழகும் வார்த்தைகளும். காரணமே தெரியாமல் வந்து அமுக்குகிற துக்கம் இன்னொன்று. அது உடம்பிலிருந்து வருகிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வழியைப் பார் என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள்!

இப்னு சீனாவின் பசுமாட்டுக் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 12ஆம் நூற்றாண்டில் நிஸாமி அரூஸி எழுதிவைத்தது. இளவரசன் ஒருவன் தன்னைப் பசு என்று நம்பி, என்னை அறுத்துக் கறி சமையுங்கள் என்று கத்திக்கொண்டு பட்டினி கிடந்தான். இப்னு சீனா கசாப்புக்காரர் வேஷத்தில் கத்தியோடு வந்தார். காலைக் கட்டிப் போட்டு, விலாவைத் தடவிப் பார்த்து, "சே, எலும்பும் தோலுமா இருக்கு, தீனி போட்டுத் தேத்துங்க, அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டார். தேறவேண்டுமே என்று அவன் சாப்பிட ஆரம்பித்தான், சாப்பாட்டோடு மருந்தும் உள்ளே போனது. நிஜமாக நடந்ததோ இல்லையோ, வைத்தியரிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பது தெரிகிறது.

யுனானியில் இன்றைக்கும் கரும்பித்தத்துக்கு சௌதா, நோய்க்கு மாலிகூலியா என்றுதான் பெயர். அதற்குக் கொடுக்கிற அஃப்திமூன், காவ்ஸபான் என்ற மூலிகைகள் இரண்டுமே அந்தப் பழைய பட்டியலில் இருந்து வந்தவை. கமீரா காவ்ஸபான் டப்பா எங்கள் பக்கத்து யுனானி மருந்துக் கடையில் இப்போதும் கிடைக்கும், தித்திப்பாக லேகியம் மாதிரி இருக்கும்.

#10 நூலகப்பூனை

பாய், அருமை. காவ்ஸபான் என்பது ஐரோப்பியர்கள் போரேஜ் என்கிற செடியும் அதன் உறவுச் செடிகளும்தானே? அப்படியென்றால் அது ராபர்ட் பர்ட்டன் (1577–1640) வீட்டு வாசல் வரை போயிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் வாழ்நாள் முழுக்க இருந்து, 1621இல் மெலன்கோலியின் உடற்கூறு என்று ஒரு மலையை எழுதி வைத்தவர் பர்ட்டன். அதன் 1628 பதிப்பின் முகப்புப் படத்தில் இரண்டு செடிகள் வரையப்பட்டிருக்கின்றன. ஒன்று பாயின் போரேஜ், மற்றது மாத்திரை அக்காவின் ஹெல்லிபோர்.

நூலில் இல்லாதது இல்லை. மாட்டிறைச்சி, முயல், மான் கறி வேண்டாம், முட்டைக்கோஸ் கூடவே கூடாது, கெட்ட கனவு வரும் என்பார். காற்று, தூக்கம், நடை, நட்பு, தாம்பத்தியம், மலச்சிக்கல் எல்லாம் ஒரே வரிசையில் வரும். உடம்பு வேறு மனசு வேறு என்று அவருக்குத் தனித்தனிப் பெட்டி கிடையாது. மெலன்கோலி வராமல் இருக்கவே மெலன்கோலியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறார் முன்னுரையில். கடைசியில் தருகிற அறிவுரை இரண்டே துண்டு: தனியாக இராதே, சும்மா இராதே.

அவரே எழுதாத ஒரு வைத்தியமும் உண்டு. மனசு ரொம்பக் கனத்தால் ஆற்றுப் பாலத்தடிக்குப் போய்ப் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வதைக் கேட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாராம். பின்னால் வந்தவர்கள் பதிந்துவைத்த செய்தி.

#11 தாமிரபரணிக்காரன்

அந்த வைத்தியத்துக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு போதும்.

#12 கல்தச்சன்

பூனையார் முதல் பதிவில் கேட்டாரே, பாவமா நோயா என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

#13 யாழ்வழி

அதை நான் எழுதுறன். பாவம் எண்ட பக்கத்துக்கும் ஒரு தனி மரபு இருக்குது, வைத்தியர்மாரோட சம்பந்தமில்லாமல் எகிப்துப் பாலைவனத்தில தொடங்கினது. 4ஆம் நூற்றாண்டில அங்க தனிக்குடில்களில இருந்த துறவிகளுக்கு அசீடியா எண்டு ஒரு தொல்லை. மத்தியானப் பேய் எண்டும் சொல்லுவினம். எவாக்ரியஸ் (இறப்பு 399) எழுதினதைப் படிச்சால் ஆளே முன்னால இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். சூரியன் நகராது. பகல் ஐம்பது மணித்தியாலம் நீளம். துறவி யன்னலைப் பாக்கிறார், வெளியில வந்து சூரியனைப் பாக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு எண்டு கணக்குப் போடுறார், யாராவது சகோதரர் வாறாரோ எண்டு அங்கயும் இங்கயும் எட்டிப் பாக்கிறார். பிறகு, இந்த இடமே சரியில்லை, இஞ்ச ஒருத்தருக்கும் என்னில அன்பில்லை, வேற இடத்துக்குப் போனால் நல்லா இருப்பன் எண்டு மனம் சொல்லத் தொடங்கும்.

மருந்து: குடிலை விட்டு எழும்பாதே, கைவேலை செய், அழு, பைபிளில இருக்கிற சங்கீத வசனத்தைச் சொல்லு. காசியான் எண்டவர் அப்பா பவுல் எண்ட துறவியின்ர கதையைச் சொல்லுறார். அவர் இருந்த இடத்தில இருந்து ஊருக்கு ஏழு நாள் நடை. கூடை விக்கிறதெண்டால் கூலிச் செலவுக்கே காணாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பேரீச்ச ஓலை எடுத்துத் தனக்கு அளவு வைச்சு வேலை செய்வார். வருஷக் கடைசியில குகை நிறைஞ்சதும் எல்லாத்தையும் கொளுத்திப்போட்டு முதலில இருந்து தொடங்குவார்.

எனக்கு இது மூடத்தனமாத் தெரியேல்லை. ஆனால் பிறகு நடந்தது சரியில்லை. கைவேலை சொன்ன கை போய், திருச்சபையின்ர பாவப் பட்டியல்ல அது "சோம்பல்" எண்டு ஒரு பெரிய பாவமாச் சுருங்கிப்போச்சு. எழும்ப ஏலாமல் கிடக்கிறவனைப் பாத்துச் சோம்பேறி எண்டு சொல்லுற வழக்கத்துக்கு வேர் அங்கதான்.

#14 மாத்திரைப்பெட்டி

யாழ்வழி சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பாவக் கணக்கின் உச்சம் தற்கொலைச் சட்டம். பூனையாரின் அதே 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், புத்தி தெளிவோடு செய்துகொண்டான் என்று விசாரணையில் தீர்ப்பானால் அவனுடைய உடைமை அரசுக்குப் போகும். பிணத்தை முச்சந்தியில் புதைத்து நெஞ்சில் முளை அடிப்பார்கள். அப்படிப் புதைப்பதை 1823இல்தான் நிறுத்தினார்கள். உடைமைப் பறிமுதல் 1870 வரை, குற்றம் என்ற பட்டம் 1961 வரை. உங்கள் பர்ட்டன் இதைப் பற்றி என்ன சொன்னார்?

#15 நூலகப்பூனை

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றுதான் சொன்னார். நோயால் நிலை தவறியவனின் ஆன்மாவைப் பற்றிக் கடவுளுக்குத்தான் தெரியும், இன்று அவனுக்கு வந்தது நாளை உனக்கு வரலாம் என்று முதல் பாகத்தை அந்தப் பேச்சோடுதான் முடிக்கிறார். நடைமுறையிலும் "புத்தி பேதலித்து இருந்தான்" என்ற தீர்ப்பு 18ஆம் நூற்றாண்டில் கூடிக்கொண்டே போனது. ஜூரியில் உட்கார்ந்த ஊர்க்காரர்களுக்கு விதவையின் வீட்டுப் பொருள்களை ஜப்தி பண்ண மனசு வரவில்லை.

இன்னொரு கசப்பான விஷயமும் மெக்டொனால்டின் ஆய்வில் வருகிறது. ஒரே மாதிரி சுருண்டு கிடந்தாலும், கனவான் என்றால் நேப்பியர் "மெலன்கோலி" என்று எழுதுவார். அதற்கு ஒரு கௌரவம் இருந்தது. மேதைகள் எல்லாரும் ஏன் மெலன்கோலிக்காரர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கி வந்தது. ஃபிளாரன்ஸில் ஃபிசினோ என்ற அறிஞர் 1489இல் படிப்பாளிகளின் உடல்நலத்துக்கென்றே நூல் எழுதி, சனியின் பிள்ளைகள் நாம் என்று பெருமையே பட்டுக்கொண்டார். ஜெர்மன் ஓவியர் டூரரின் 1514 மெலன்கோலியா செதுக்குப்படத்தில் அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளும் அந்த வம்சம்தான். குடியானவனும் வேலைக்காரியும் வந்தால் பெரும்பாலும் "மந்தமாகக் கிடக்கிறாள்" என்ற ரகத்தில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

#16 பனித்துளி

ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். யாழ்வழி எழுதிய அந்த நகராத சூரியன் எனக்குச் சில மாதமாகவே இருக்கிறது. போரேஜ் அல்லது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை ஆன்லைனில் கிடைக்கிறதாம். வாங்கிச் சாப்பிடலாமா?

#17 மாத்திரைப்பெட்டி

பனித்துளிம்மா, இழையை விட்டு விலகிப் பதில் சொல்கிறேன். போரேஜ் இலையில் ஈரலுக்கு ஆகாத பொருள் கொஞ்சம் உண்டு, அதை நம்பி இறங்காதே. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் மற்ற மருந்துகளோடு சண்டை போடும்: மனச்சோர்வு மாத்திரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது எல்லாவற்றோடும். மாதக்கணக்கில் இருக்கிறது என்றால் முதலில் டாக்டரைப் பார். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே பார்க்கலாம். தனியாகப் போகத் தயக்கமென்றால் எனக்குத் தனிமடல் போடு.

#18 மட்டுறுத்துநர்

பனித்துளிக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சித்த மருத்துவத்தில் கிரிகை (மனநோய்) பற்றி நீக்கப்பட்ட நான்கு பதிவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடரவும். இங்கே ஐரோப்பாவும் அரபு வைத்தியமும் மட்டும்.

#19 பனித்துளி

நன்றி அக்கா. மடல் போட்டிருக்கிறேன்.

#20 கல்தச்சன்

மருத்துவமனை என்று எதுவும் இல்லையா அப்போது? எல்லாம் வீட்டு வைத்தியம்தானா?

#21 நூலகப்பூனை

இருந்தன. 'நிறுத்து'வை நினைவில் வையுங்கள் என்று அக்காவிடம் சொன்னது இதற்காகத்தான்.

லண்டனில் பெத்லம். பேச்சுவழக்கில் பெட்லம். 1676இல் மூர்ஃபீல்ட்ஸில் அரண்மனை போல ஒரு கட்டடத்துக்கு மாறியது. 1770 வாக்கில் தடுக்கிற வரை பொதுமக்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். 1815இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது அங்கே தலைமை வைத்தியர் தாமஸ் மன்றோ. சிகிச்சை என்ன என்று கேட்டார்கள். மே மாத வாக்கில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்போம், பிறகு சில வாரம் வாந்தி மருந்து, அதற்குப் பிறகு பேதி மருந்து என்றார். ஏன்? என் தகப்பனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது என்றார். முந்தைய வருஷம்தான் ஜேம்ஸ் நாரிஸ் என்பவரை அங்கே கழுத்திலும் உடம்பிலும் இரும்பு பூட்டி வருஷக்கணக்கில் கம்பத்தோடு கட்டிவைத்திருந்ததைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

கேலனுக்கும் மன்றோவுக்கும் நடுவில் 1,600 வருஷம். கோட்பாடு ஒன்றுதான். முன்னவர் எதிரே இருக்கிறவன் கையிலிருந்து வருகிற ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தார், பின்னவர் காலண்டரைப் பார்த்தார். மருந்து விஷம் என்பது சரிதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் நேப்பியர் கொடுத்த அதே பேதியை, "நேற்று ராத்திரி தூங்கினாயா, புருஷன் திரும்பி வந்தானா" என்று கேட்டு எழுதிக்கொண்டு ஒருவர் கொடுப்பதும், மே மாதம் வந்துவிட்டது என்று வரிசையில் நிறுத்திக் கொடுப்பதும் ஒன்றல்ல. இதில் என் கட்சி தெளிவு.

#22 மாத்திரைப்பெட்டி

பேதி வாங்கின குடலுக்கு இரண்டும் ஒன்றுதான் :)

ஆனால் வழக்கப்படி செய்தோம் என்கிற பேச்சு எரிச்சலைக் கிளப்புகிறது என்பதில் சண்டை இல்லை. யார்க் நகரத்து ரெட்ரீட் என்ற மனநலக் காப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே மருந்தைச் சோதித்தே பார்த்தார்கள். 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவச் சபை) பெண்ணை மெலன்கோலிக்காக யார்க் காப்பகத்தில் சேர்த்தார்கள். பார்க்க வந்த சபையாரை உள்ளே விடவில்லை. சில வாரத்தில் இறந்துவிட்டாள். அந்தக் கோபத்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி 1796இல் ரெட்ரீட்டைத் திறந்தார். அங்கே வந்த வைத்தியர் ஃபவுலர் அன்றைய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, பெரும்பாலானது பிரயோஜனமில்லை என்று கைவிட்டார். மெலன்கோலிக்காரர்களுக்கு வெந்நீர்க் குளியல் மட்டும் பலன் தந்தது. தூக்கம் வராதவர்களுக்கு அபினிக்குப் பதிலாக ராத்திரி வயிறார இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு கோப்பை பீர். முற்றத்தில் முயல், கோழி, கடல்காகம் விட்டிருந்தார்கள். எனக்கு இந்த ஃபவுலர்தான் நாயகன். வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாரே.

#23 யாழ்வழி

ரெட்ரீட்டில சங்கிலி போனது உண்மை. ஆனால் "நல்ல பிள்ளையா நட" எண்ட கண்காணிப்பு அந்த இடத்தில வந்து குந்தீட்டுது எண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ 1961இல எழுதினவர். முழுக்க ஒத்துக்கொள்ளுறேல்லை, ஆனாலும் அங்க வைச்ச தேத்தண்ணி விருந்தில மரியாதையா இருந்தால்தான் நீ சுகமாயிட்டாய் எண்ட கணக்கு எனக்கும் கொஞ்சம் இடிக்குது.

#24 தாமிரபரணிக்காரன்

பாட்டு வைத்தியத்தை யாரும் சொல்லவில்லையே! ஸ்பெயின் ராஜா ஐந்தாம் ஃபிலிப் குளிக்காமல், சவரம் பண்ணாமல், நகம் வெட்ட விடாமல் படுக்கையிலேயே கிடந்தார். 1737இல் ராணி இத்தாலியப் பாடகர் ஃபாரினெல்லியை வரவழைத்துப் பக்கத்து அறையில் பாட வைத்தார். ராஜா எழுந்து உட்கார்ந்து என்ன வேண்டும் கேள் என்றார். "சவரம் பண்ணிக்கொண்டு சபைக்கு வாருங்கள்" என்றாராம் பாடகர். அதற்குப் பிறகு ராஜா சாகிற வரை, ஒன்பது வருஷம், ராத்திரி ராத்திரி அவருக்குப் பாடுவதுதான் வேலை. மேடையை விட்டே போய்விட்டார். ஐரோப்பாவின் நம்பர் ஒன் குரல் ஒரே ஒரு நோயாளிக்கு மாத்திரையாகப் போச்சு.

#25 ஹக்கீம்பேரன்

துருக்கியில் எதிர்னே நகரத்து மருத்துவமனைக்கு (1488) ராஜா என்ற தகுதியெல்லாம் வேண்டாம். வாரம் மூன்று நாள் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்து நோயாளிகளுக்கு வாசிப்பார்கள் என்று எவ்லியா செலபி என்ற பயணி 17ஆம் நூற்றாண்டில் பார்த்து எழுதியிருக்கிறார். பூ வாசனையும் சிகிச்சையில் உண்டு.

#26 கல்தச்சன்

நோயாளிகளே எழுதியது ஏதாவது இருக்கிறதா? இதுவரை எல்லாம் வைத்தியர் சொன்னது.

#27 நூலகப்பூனை

நல்ல கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் இரண்டு பேர்.

அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனுக்கு இருபது வயதில் (1729) கடுமையாக வந்தது. லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்காமுக்கு நடந்துபோய் நடந்தே திரும்புவார், போக வர 32 மைல். தன் நிலையை விரிவாக லத்தீனில் எழுதி, ஞானத்தகப்பனாரான வைத்தியர் ஸ்வின்ஃபனிடம் கொடுத்தார். எழுத்து எவ்வளவு அற்புதம் பார் என்று அவர் அதை நாலு பேரிடம் காட்டிவிட்டார். ஜான்சன் அதை மன்னிக்கவே இல்லை. பர்ட்டன் நூலைப் பற்றி, நான் நினைத்ததைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிய ஒரே புத்தகம் என்றார். அந்த "தனியாக இராதே, சும்மா இராதே"யையும் திருத்தினார்: சும்மா இருந்தால் தனியாக இராதே, தனியாக இருந்தால் சும்மா இராதே. படுத்துப் பார்த்தவர் செய்த திருத்தம்.

இன்னொருவர் கவிஞர் வில்லியம் கூப்பர். 1763இல் உயிரை விட முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் நத்தானியேல் காட்டன் நடத்திய சிறிய காப்பகத்தில் தேறினார். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் பின்னாலும் திரும்பத் திரும்ப வந்தது. 1774இல் ஓல்னியில் அக்கம்பக்கத்தார் கொடுத்த மூன்று காட்டுமுயல் குட்டிகளை வளர்த்தார். பஸ், டைனி, பெஸ் என்று பெயர். பெண் பெயர் மாதிரி இருந்தாலும் மூன்றும் ஆண்தான். குணங்களைப் பற்றி 1784இல் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார். பஸ் மடியில் ஏறி நெற்றி முடியைக் கடிக்கும். டைனியைக் கடைசிவரை பழக்கவே முடியவில்லை, தொட்டால் உறுமி முன்காலால் அறையும். அவருக்கு அதைப் பிடித்திருந்தது. முயலுக்குக் கூடு செய்வதற்காகத் தச்சுவேலையும் கற்றுக்கொண்டார்.

#28 மாத்திரைப்பெட்டி

டைனி என் கட்சி.

#29 கல்தச்சன்

நேப்பியர் ஏடுகளை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

#30 நூலகப்பூனை

முடியும். நேப்பியருக்கு ஜோதிட வைத்தியம் சொல்லிக்கொடுத்த சைமன் ஃபோர்மனின் ஏடுகளையும் சேர்த்து, சுமார் 80,000 குறிப்புகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. காசு கிடையாது. ஊர், வயது, குறை என்று தேடலாம். கையெழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி. எழுத்துப் பெயர்ப்பு உள்ள பக்கங்களில் ஆரம்பியுங்கள். தேடுபெட்டியில் மனக்குறை வகையைத் தேர்ந்தெடுத்து, ஒரே பெயர் இரண்டாம் முறை வருகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்தவர்களின் பக்கங்களில்தான் முதல் மருந்து என்ன ஆயிற்று என்று அவரே எழுதியிருப்பார். அக்காவின் கேள்விக்கு ஏதாவது அகப்பட்டால் இங்கேயே போடுங்கள்.